நடு கியர்

செல்லூரில் போய் மீனா கியர் ஒர்க்ஸ் எங்கே என்று கேட்டால் ஆளுக்கு ஒரு திசையைக் காட்டுவார்கள். பேசாத பட்டறை எங்கே என்று கேட்டுப் பாருங்கள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் நின்று வேடிக்கையும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

வேடிக்கை இதுதான். பட்டறை ஒரே அறை. இடது பக்கம் கண்ணுச்சாமியின் மெஷின். பெரிய சக்கரங்களுக்குப் பல் வெட்டுவது. வலது பக்கம் பாண்டிராஜின் மெஷின். பினியன் என்கிற சின்னச் சக்கரத்துக்குப் பல் வெட்டுவது. விசைத்தறியோ, அரிசி மில்லோ, கரும்புச்சாறு பிழிகிற மெஷினோ, எதில் பல் உடைந்தாலும் இங்கேதான் சாக்கில் சுற்றிக்கொண்டு வருவார்கள். ரெண்டு மெஷினுக்கும் நடுவில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, அதில் ஆன்மேரி. பாண்டிராஜின் அக்கா பாண்டிமீனாவைக் கட்டியவர் கண்ணுச்சாமி. மாமனும் மச்சினனும் கூட்டாக நடத்துகிற பட்டறை. ரெண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். சண்டை போடுவதற்கும் பேச வேண்டுமே!

"மேரிம்மா, அவர்கிட்டச் சொல்லுங்க, மேலூர் பார்ட்டி வந்துட்டுப் போனாருன்னு" என்பார் கண்ணுச்சாமி. அந்த 'அவர்' கையை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில் நின்று பல் வெட்டிக்கொண்டிருப்பான். ஆன்மேரி வலது பக்கம் திரும்புவாள். "தம்பி, மேலூர் பார்ட்டி வந்துட்டுப் போனாராம்." அதற்கப்புறம்தான் பாண்டிராஜுக்கு அது தெரிந்ததாகக் கணக்கு. "எப்ப வாராராம்னு கேளுங்க மேரியக்கா" என்பான். அவள் இடது பக்கம் திரும்புவாள்.

அவள் பில் போடத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். கான்வென்டில் படித்தவள், முத்து முத்தான கையெழுத்து, இங்கிலீஷில் ஏதாவது வந்தால் பயப்படாமல் பிரித்துப் பார்க்கிற ஆள். பில் போடுகிற வேலை காலை டீ வருவதற்குள் முடிந்துபோகும். மிச்ச நேரமெல்லாம் கழுத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்புகிற வேலைதான்.

சும்மா சொல்லக் கூடாது, அதில் கெட்டிக்காரி. வந்ததை வந்தபடி தள்ளிவிடுகிற ஆள் இல்லை. "அந்த ஆளுக்குக் கண்ணு பொட்டையாப் போச்சான்னு கேளுங்க, பல்லு ஒரு பக்கமாச் சாஞ்சு கெடக்கு" என்று பாண்டிராஜ் கத்துவான். "அண்ணே, பல்லை இன்னொருக்காப் பாத்துக்கிறச் சொல்றாரு" என்பாள் ஆன்மேரி. "அவுங்க அப்பன் வந்தாலும் இப்படித்தான் வெட்டுவேன்னு சொல்லுங்க." "பாக்குறேங்கிறாரு தம்பி." முதலில் சொன்னது ரெண்டும் ரெண்டு பேர் காதிலும் பளிச்சென்று விழுந்திருக்கும். ஆனால் அது செல்லாது. ஆன்மேரி வாயிலிருந்து வந்ததுதான் செல்லும். அதற்குத்தான் பதில், அதற்குத்தான் கோபம், அதற்குத்தான் சமாதானம்.

தறிக்காரர்கள் அவளுக்கு நடு கியர் என்று பேர் வைத்திருந்தார்கள். ரெண்டு சக்கரம் நேருக்கு நேர் பல் கடித்தால் ஒன்று இப்படிச் சுற்றும், மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும். ரெண்டும் ஒரே பக்கம் சுற்றணும் என்றால் நடுவில் மூன்றாவதாக ஒன்றைப் போடணும். அது வாங்கினதைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் வேகம் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அதன் பல்லை யாரும் எண்ணுவதும் கிடையாது. அந்தப் பேர் ஆன்மேரிக்குத் தெரியும். கோபமெல்லாம் இல்லை. உள்ளுக்குள் ஒரு பெருமைகூட உண்டு, வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

எதனால் பேச்சு நின்றது என்று கேட்பீர்கள். ஃபிளெக்ஸ். கண்ணுச்சாமியின் மகள் பவதாரிணிக்குக் காதுகுத்து வைத்தார்கள். மதுரைப் பக்கம் ஃபிளெக்ஸ் வைக்காமல் காது குத்தினால் ஓட்டையே விழாது. வாசலை மறைத்து ஒன்று, முக்குரோட்டில் ஒன்று. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்தணும். அப்பேர்ப்பட்ட தாய்மாமன் படத்தைக் கீழே ஒரு ஓரத்தில், பந்தல்காரர் படத்துக்குப் பக்கத்தில், தபால்தலை மாதிரிப் போட்டிருந்தார்கள். பந்தல்காரர் படம் அதைவிடப் பெரிசு. பாண்டிராஜ் அதைப் பார்த்தான். பிள்ளையை மடியில் வைத்தான், சீர் செய்தான், குத்தி முடிகிற வரை உட்கார்ந்திருந்தான், எழுந்து போனான். மறுநாள் பட்டறைக்கு வந்தான், வேலை பார்த்தான், பேசவில்லை. அன்றைக்குக் கைப்பிள்ளையாக இருந்த பவதாரிணி இன்றைக்குச் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போகிறாள்.

பாண்டிமீனா ரெண்டு பேருக்கும் ஒரே தூக்குவாளியில் சோறு கொடுத்துவிடுவாள். "சோறு என் பொறுப்பு, பேச்சு மேரியக்கா பொறுப்பு. என்னைய நடுவுல இழுக்காதீங்க" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். விவரமான பொம்பளை.

ஆன்மேரி வராத அன்றைக்குப் பட்டறை ஓடாது. பெரிய வெள்ளிக்கு அவள் கோயிலுக்குப் போய்விடுவாள் என்பதால், குலசாமிக்குக் கெடா வெட்டுகிற இந்த ரெண்டு பேரும் வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கு ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டில் இருந்தார்கள். ஆயுத பூஜைக்கு அவரவர் மெஷினுக்கு அவரவர் தனியாகப் பூசணிக்காய் உடைப்பார்கள். சூடத்தட்டை இந்த மெஷினிலிருந்து அந்த மெஷினுக்கு எடுத்துக்கொண்டு போவது ஆன்மேரி. திரும்பி வந்து உட்காரும்போது யாரும் பார்க்காமல் ஒரு சிலுவை போட்டுக்கொள்வாள்.

இனி எஸ்தர் கதைக்கு வருகிறேன். ஆன்மேரிக்கு ஒரே மகள். அப்பா சின்ன வயசிலேயே போய்விட்டார், அம்மாவும் பிள்ளையுமாகவே வளர்ந்தவள். மாப்பிள்ளை ஸ்டீவ் குவைத்தில் இருக்கிறான், நல்ல பையன், வீடியோ காலில் குடும்பம் நடத்துகிறான். போன தடவை எஸ்தர் கோயம்புத்தூரில் இருந்தபோது வயிற்றில் வந்தது தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்த நேரம் பட்டறையில் கல்குவாரி மெஷினுக்கு ஒரு அவசரச் சக்கரம். "மேரிம்மா, இதை மட்டும் சொல்லி முடிச்சிட்டுப் போயிருங்க" என்றார் கண்ணுச்சாமி. "மேரியக்கா, அதுக்குப் பதிலை மட்டும் சொல்லிட்டுப் போயிருங்க" என்றான் பாண்டிராஜ். அப்படியே ஒன்றுக்கு ஒன்றாக இழுத்துக்கொண்டு போய்விட்டது. சொல்லி முடித்து, பஸ் பிடித்து, அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எஸ்தர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனியாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. அதற்கப்புறம் ஆன்மேரி டீயோடு பிஸ்கட் தொடுவதில்லை.

இந்தத் தடவை வளைகாப்பு முடிந்து மதுரைக்கு வந்ததும் எஸ்தர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அம்மா, வலி வந்ததுலேருந்து பிள்ள வெளிய வர்ற வரைக்கும் என் கையப் பிடிச்சிட்டு நிக்கணும். கஞ்சி வேண்டாம், மருந்து வேண்டாம், நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். இது மட்டும்."

"மாதா மேல சத்தியமா நிக்கிறேன்டி."

"மாதாவ விடும்மா. நீ நிப்பியா?"

"நிப்பேன்."

பட்டறையில் முன்கூட்டியே சொல்லி வைத்தாள். அதற்கு ஒரு பேச்சுவார்த்தை நடந்தது பாருங்கள்! "மேரிம்மா, உங்களுக்கு லீவு குடுக்கிறதப் பத்தி அவர் என்ன நினைக்கிறாருன்னு கேளுங்க" என்றார் கண்ணுச்சாமி. "தம்பி, எனக்கு லீவு குடுக்கிறதப் பத்தி என்ன நினைக்கிறீங்கன்னு கேக்குறாரு." "குடுக்க வேண்டியதுதான். ஆனா அவங்க இல்லேன்னா இங்க ஒரு ஆளு திண்டாடுவாருன்னு சொல்லுங்க." "சந்தோசமாக் குடுக்கச் சொல்றாருண்ணே." வலி வந்த அன்றைக்கு எழுந்து போகலாம், அதுவரைக்கும் வந்து உட்கார வேண்டும் என்று முடிவானது. தன் லீவுக்குத் தானே தூது போன பொம்பளை மதுரை ஜில்லாவிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அறுப்பு முடிந்து களமெல்லாம் நெல் குவிந்து கிடந்த நேரம். மேலூர்ப் பக்கம் அரிசி மில் வைத்திருக்கிற சூரியபிரகாஷ் காலையிலேயே ஒரு ஜோடி உடைந்த சக்கரத்தோடு வந்துவிட்டார். மில் நிற்கிறது, வாசலில் மூட்டையோடு சனம் நிற்கிறது, சாயங்காலத்துக்குள் வேண்டும், வாங்காமல் போக மாட்டேன் என்று வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். வட்டம் கடைந்து வைத்த இரும்பு கைவசம் இருந்தது. பல் வெட்ட வேண்டியதுதான். பெரிசு கண்ணுச்சாமி, சின்னது பாண்டிராஜ், வழக்கம்போல.

பாண்டிராஜ் பழைய பினியனை அளந்து பார்த்தான். அந்த மில்லில் ஓடுவது சீமையிலிருந்து வந்த அந்தக் காலத்து மெஷின். அதன் பல் இஞ்ச் கணக்கு. இப்போது வருவதெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. பார்க்கிறதுக்கு ரெண்டு பல்லும் ஒட்டிப் பிறந்த மாதிரித்தான் இருக்கும். ஒரு சக்கரத்தை இந்தக் கணக்கிலும் மற்றதை அந்தக் கணக்கிலும் வெட்டிவிட்டால் தீர்ந்தது, ஒன்றோடு ஒன்று சேரவே சேராது.

"மேரியக்கா, அவர்கிட்டச் சொல்லுங்க, இது இஞ்ச் பல்லு. அவர்பாட்டுக்கு எம்எம் கட்டரைப் போட்டு வெட்டிரப் போறாரு."

ஆன்மேரி இடது பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். ஃபோன் அடித்தது. "அம்மா, வந்திருச்சும்மா" என்றாள் எஸ்தர். அவ்வளவுதான். ஆன்மேரி பையை எடுத்தாள், செருப்பைக் கையில் எடுத்தாளா காலில் போட்டாளா தெரியவில்லை, சந்து முனையில் ஆட்டோ ஏறும் சத்தம்தான் கேட்டது.

இப்போது கண்ணுச்சாமியைப் பாருங்கள். பாண்டிராஜ் சொன்னது அவர் காதில் விழுந்ததா? விழாமல் என்ன, சந்து முழுக்க விழுந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த சூரியபிரகாஷுக்கே விழுந்தது. ஆனால் ஆன்மேரி சொல்லவில்லையே. சொல்லாத ஒன்றைக் கேட்டதாக நடந்துகொண்டால் இத்தனை வருஷம் பேசாமல் இருந்ததற்கு என்ன அர்த்தம்? எம்எம் கட்டரை எடுத்து மாட்டினார். பாண்டிராஜ் அதை ஓரக்கண்ணால் பார்த்தான். பார்த்தவன் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ஒரு நாள் பொழுதும் ரெண்டு பேரும் முதுகுக்கு முதுகு நின்று, ஒருத்தர் இஞ்ச்சிலும் ஒருத்தர் மில்லிமீட்டரிலும், வெகு சுத்தமாக, துளி பிசிறில்லாமல் வெட்டி முடித்தார்கள்.

ஜோடி சேர்த்துக் கையால் சுற்றிப் பார்த்தார்கள். ரெண்டு பல் உள்ளே போனது. அடுத்த பல் முட்டிக்கொண்டு நின்றது. சூரியபிரகாஷ் தலையில் கை வைத்தார். "என்னண்ணே இது?" என்று கண்ணுச்சாமியைக் கேட்டார். கண்ணுச்சாமி நாற்காலியைப் பார்த்தார். நாற்காலி காலியாக இருந்தது. பாண்டிராஜும் நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆன்மேரிக்கு ஃபோன் போட்டார்கள். பிரசவ வார்டுக்குள் போகும்போது அணைத்து வைத்த ஃபோன். மாற்றி மாற்றிப் போட்டார்கள். அப்புறம் கண்ணுச்சாமி எக்ஸெல் வண்டியை வெளியே எடுத்தார். பாண்டிராஜ் சக்கரத்தைச் சாக்கில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினான். செல்லூரிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். பாலத்துக்கு அடியில் பள்ளத்தில் வண்டி இறங்கியபோது பாண்டிராஜ் விழப்போனான், மாமா தோளைப் பிடித்துக்கொண்டான், மேலே ஏறினதும் கையை எடுத்துவிட்டான்.

அங்கே ஆன்மேரி கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சத்தியமாக நின்றாள். மத்தியானம் அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் இல்லை. வலி வரும்போது எஸ்தர் நகம் பதியப் பிடிப்பாள், இவள் "இம்புட்டுத்தான்டி, இம்புட்டுத்தான்டி, போயிரும்" என்பாள். வலி போனதும் எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டு, "இருக்கியாம்மா?" என்பாள். "இங்கதானடி இருக்கேன்." கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் கிடந்தும் அவள் உட்காரவில்லை. நிற்பதாகத்தானே சொன்னாள்.

சாயங்காலம் வார்டு வாசலில் நிற்கிற முருகம்மாள் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "எஸ்தர்கூட வந்தவங்க யாரும்மா? ரெண்டு ஆம்பளைக இரும்பத் தூக்கிட்டு வந்து உசுர வாங்குறாங்க. பேசுங்கய்யான்னா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க மாட்டேங்குறாங்க."

ஆன்மேரிக்கு ஒரு நொடியில் புரிந்துபோனது. காலையில் வாயில் நின்ற வார்த்தை இன்னும் அங்கேயே நின்றது.

"இன்னும் நேரம் கெடக்கும்மா, போய் அனுப்பிட்டு வாங்க" என்றாள் பிரசவம் பார்க்கிற சிஸ்டர்.

எஸ்தர் அம்மாவைப் பார்த்தாள்.

"ஒரே நிமிஷம்டி. ஒரு வார்த்தை சொல்லிட்டு ஓடியாந்துர்றேன்."

எஸ்தர் கையை விட்டாள்.

வராந்தாவில் மூன்று பேர் உட்காருகிற இரும்பு நாற்காலி. ஒரு ஓரத்தில் கண்ணுச்சாமி, மறு ஓரத்தில் பாண்டிராஜ். நடுவில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சொல்லிச் செய்ததில்லை, பழக்கம். சாக்கு தரையில் கிடந்தது.

ஆன்மேரி உட்காரவில்லை. நின்றபடியே கண்ணுச்சாமியைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணே, அது இஞ்ச் பல்லாம். காலையில தம்பி சொல்லச் சொன்னாரு, நான் சொல்லாம ஓடியாந்துட்டேன். தப்பு என்னோடது. போய் வேற ஒண்ணு வெட்டிக் குடுத்துருங்க. நான் வாரேன்."

வேலை முடிந்தது. திரும்பி ஒரு எட்டுகூட வைத்துவிட்டாள். அப்படியே போயிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

"உங்க தப்பு ஒண்ணும் இல்ல மேரிம்மா" என்றார் கண்ணுச்சாமி. குரல் வழக்கமான குரலாக இல்லை. "அவர் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. என்கிட்டச் சொல்லியிருந்தா வெட்டியிருப்பேன்ல. அம்புட்டுத்தான். அதைச் சொல்லுங்க."

ஆன்மேரி நின்றுவிட்டாள். காதில் விழுந்தது என்று அந்த மனுசன் ஒத்துக்கொண்டு அவள் பார்த்ததே இல்லை. பட்டறையில் இத்தனை காலம் கழுத்தைத் திருப்பித் திருப்பி அவள் காத்துக்கிடந்தது இந்த ஒரு விரிசலுக்குத்தான். விட்டால் மூடிக்கொள்ளும். மறுபடி எந்தக் காலத்தில் திறக்குமோ. நடுவில் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"தம்பி" என்றாள் வலது பக்கம் திரும்பி. "மாப்ள என்கிட்டச் சொல்லியிருந்தா வெட்டியிருப்பேனேங்கிறாரு."

மாப்ள என்கிற வார்த்தையைக் கண்ணுச்சாமி சொல்லவில்லை. அது ஆன்மேரியின் சொந்தச் சரக்கு. பாண்டிராஜுக்கும் அது தெரியும், அவனும் காது கேட்கிற ஆள்தானே. ஆனாலும் அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"மாப்ளன்னா சொன்னாரு? நல்லாக் கேளுங்க மேரியக்கா."

ஆன்மேரி இடது பக்கம் திரும்பினாள். கேள்வியைக்கூடத் திருப்பிச் சொல்லவில்லை, சும்மா பார்த்தாள். கண்ணுச்சாமி கையில் படிந்த எண்ணெய்க் கறையைத் தேய்த்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "சொன்னேன்னு சொல்லுங்க" என்றார்.

கதவு திறந்தது. "எஸ்தர் அட்டெண்டர்! உள்ள வாங்கம்மா" என்று சிஸ்டர் கூப்பிட்டாள்.

"இதோ வாரேன் சிஸ்டர்." ஆன்மேரி ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள். கதவு மூடியது.

"அப்ப அன்னைக்கு என் படத்த ஏன் பந்தல்காரன் காலுக்கடியில போட்டாருன்னு கேளுங்க" என்றான் பாண்டிராஜ். "தாய்மாமன் நானு. ஊரே சிரிச்சுச்சு. அதக் கேளுங்க மேரியக்கா."

இந்தக் கேள்வியை அவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பல் சாய்ந்ததைக் கேட்டிருக்கிறான், எண்ணெய் தீர்ந்ததைக் கேட்டிருக்கிறான். இதைக் கேட்கவில்லை. ஆன்மேரி இதை ஒரு எழுத்து மாற்றாமல் இடது பக்கம் கொண்டுபோனாள்.

அப்போதுதான் உள்ளேயிருந்து "அம்மா" என்று ஒரு சத்தம் வந்தது. பிரசவ வார்டில் எல்லாரும் அம்மா என்றுதான் கத்துவார்கள். காலையிலிருந்து அங்கே அந்தச் சத்தம் ஓயவில்லை. யாரோ என்று நினைத்துக்கொள்ள இடம் இருந்தது. ஆனால் பெற்றவளுக்குத் தெரியாதா? தெரிந்தது. ஆன்மேரியின் கை நாற்காலிக் கைப்பிடியை அழுத்தியது, இடுப்பு பாதி எழுந்தது.

"மேரிம்மா" என்றார் கண்ணுச்சாமி. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "அவன் வாட்சப்புல அனுப்புன படம் அரிசி அளவு இருந்துச்சு. பெருசாக்குனா மூஞ்சி கலங்கலாப் போவுதுன்னு ஃபிளெக்ஸ் கடைக்காரன் சொல்லிட்டான். கலங்குன மூஞ்சியோட என் மச்சினனை நடுரோட்டுல நிப்பாட்டச் சொல்றீங்களா? சின்னதாப் போட்டாலும் தெளிவா இருக்கட்டும்னு நான்தான் போடச் சொன்னேன். ஒரு வார்த்த வந்து கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். கேக்கலையே அவன். சொல்லுங்க அவன்கிட்ட."

இதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும் என்று ஆன்மேரி நினைத்தாள். இந்த ஒன்று மட்டும். பாதி எழுந்த இடுப்பு மறுபடி உட்கார்ந்தது.

"தம்பி, உங்க படம் பெருசாக்குனா கலங்குச்சாம். தெளிவா இருக்கணும்னுதான்..."

"மாமா" என்றான் பாண்டிராஜ். ஆன்மேரியிடம் இல்லை. அவள் தலைக்கு மேலே, நேராக. "அந்த போட்டோவா? அது நான் பழைய போனுல எடுத்தது மாமா. என்கிட்ட ஸ்டுடியோல எடுத்த நல்ல படம் இருந்துச்சே!"

"அத அனுப்ப வேண்டியதுதான மாப்ள!"

"நீங்க அர்ஜென்ட்டுன்னு சொன்னீங்க மாமா!"

"அட லூசுப்பயலே!" என்று கண்ணுச்சாமி சிரித்தார், அழுதார், எது எது என்று பிரிக்க முடியாமல் ரெண்டும் சேர்ந்து வந்தது. ரெண்டு பேரும் முன்னால் குனிந்து பேச ஆரம்பித்தார்கள். அடைத்துக் கிடந்தது மொத்தமும் வந்தது. அந்த ஸ்டுடியோ படத்தில் என்ன சட்டை போட்டிருந்தான், பந்தல்காரர் இப்போது எங்கே இருக்கிறார், சூரியபிரகாஷுக்கு என்ன பதில் சொல்வது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக. நடுவில் ஆன்மேரி உட்கார்ந்திருந்தாள். அவள் இருப்பது அவர்களுக்கு மறந்துபோனது. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நான் செய்தேன் இதை, என்று அந்தச் சிரிப்பில் இருந்தது.

உள்ளே ஒரு குழந்தை அழுதது.

ஆன்மேரி எழுந்து ஓடினாள். கதவைத் தள்ளினாள். முருகம்மாள் "பொம்பளப் பிள்ளம்மா" என்றாள், அதை நின்று கேட்கவில்லை.

எஸ்தர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நெற்றி முடியெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது. ஒரு கை கட்டிலுக்கு வெளியே, காலையிலிருந்து ஆன்மேரி நின்ற பக்கமாக, கம்பியைப் பிடித்தபடி இருந்தது. குழந்தை அந்தப் பக்கம் விளக்கு வெளிச்சத்தில் கையைக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. சிஸ்டர் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எஸ்தர்..." ஆன்மேரி அந்தக் கம்பியில் இருந்த கையைத் தொட்டாள். கை கம்பியை விடவில்லை. "ஒரு நிமிஷம்தான்டி. ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சுட்டாங்கடி. அதான் செத்த நேரம்..."

சொல்லும்போதே அது எப்படிப்பட்ட சமாதானம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. நிறுத்திக்கொண்டாள். வராந்தாவிலிருந்து கண்ணுச்சாமியின் சிரிப்பு உள்ளே வரை கேட்டது.

எஸ்தர் தலையைத் திருப்பினாள். அம்மாவைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி அந்தப் பக்கம் பார்த்தாள்.

"சிஸ்டர்" என்றாள். கத்திக் கத்திக் குரல் கம்மிப் போயிருந்தது. "எங்கம்மாகிட்டச் சொல்லுங்க. நான் கூப்புட்டேன்னு."

சிஸ்டர் சின்னப் பெண். ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தாள். "அம்மா இங்கதான நிக்கிறாங்க?"

"நீங்க சொல்லுங்க."

சிஸ்டர் ஆன்மேரி பக்கம் திரும்பினாள். கொஞ்சம் தயங்கினாள். "உங்களக் கூப்புட்டாங்களாம், அம்மா."

வார்த்தையை எப்படி மாற்றினால் எந்த முகம் எப்படி மாறும் என்று ஆன்மேரிக்குத் தெரியாததா? அந்தச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று ஒரு பேச்சுச் சொன்னால் போதும். நம்புகிற மாதிரித்தான் இருக்கும். எஸ்தரும் இன்றில்லாவிட்டால் நாளைக்கு நம்புவாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சிஸ்டரைப் பார்த்தாள்.

"கேட்டுச்சுன்னு சொல்லுங்க சிஸ்டர்" என்றாள்.

சிஸ்டர் அதை அப்படியே சொன்னாள்.